காத்திருப்பைக் கழற்றியவர்

சத்தியம். தலையில் அடித்துச் சத்தியம், கடல் மேல் சத்தியம். போதாது என்றால் ஒரு கை உப்பைக் கொண்டுவந்து கொட்டுங்கள், அதன் மேல் ஏறி நின்றும் செய்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நான் கூட்டிச் சொல்கிறவன் என்று சொல்கிறார்களே, அவர்கள்தான் கூட்டிச் சொல்கிறவர்கள்.

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஓர் ஐஸ் ஃபாக்டரி. அதன் மாடியில் ஒரு கம்பெனி. கம்ப்யூட்டரில் ஆடுகிற யுத்த ஆட்டங்களைச் செய்கிற கம்பெனி. சர்வர்கள் சூடாகும், அவற்றைக் குளிர்விக்கத் தனியாக ஏசி எதற்கு, காலுக்குக் கீழேயே இருநூறு டன் ஐஸ் கிடக்கிறதே என்று மாடியைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கினி வெயிலிலும் அங்கே எல்லோரும் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார்கள். டீ வந்தால் உடனே குடித்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் குச்சி செருகிச் சப்ப வேண்டியதுதான்.

அங்கே வேலை பார்த்தார் ஆவுடைத்தங்கம். வயது முப்பத்திரண்டு. எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. இருந்தும் எல்லோருக்கும் அவர் டீச்சர். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாதவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

இரண்டு ஊரில் இருக்கிற இரண்டு பேர் ஒரே ஆட்டத்தை ஆடினால், இரண்டு திரையிலும் ஒரே குதிரை ஒரே கல்லில் இடற வேண்டும். அதைச் செய்துகொடுப்பதுதான் டீச்சரின் வேலை. கடலடிக் கேபிளின் நுனியைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கடலில் எந்தச் சுறா கடிக்கிறது, பசியில் கடிக்கிறதா விளையாட்டுக்குக் கடிக்கிறதா என்று சொல்லிவிடுவார். நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் சிலுவை மிக்கேல். வயது ஐம்பத்தேழு. இருபத்தெட்டு வருஷம் சரக்குக் கப்பல்களில் வயர்லெஸ் ஆபரேட்டர். ஒரு நாள் மாடியில் ஆன்டெனாக் கம்பி கட்ட வந்தார். கட்டி முடித்த பிறகும் இறங்கவில்லை. வானத்தில் சேதி போய் வருகிற வித்தையை மறுபடியும் அ, ஆவிலிருந்து சொல்லித்தரச் சொல்லி டீச்சர் முன் நின்றுவிட்டார். மகள் வயதுப் பெண்ணிடம் பாடம் கேட்கிற கிழவன் என்று கீழே ஐஸ் உடைக்கிறவர்கள் கேலி பேசினார்கள். சிலுவை அண்ணாச்சி காதில் வாங்கவில்லை. அவருக்கு ஒரு காரணம் இருந்தது.

காரணத்தின் பெயர் பிலோமி.

பிலோமி அவர் மனைவி. நர்ஸ். வடகடலில் ஒரு பனித்தீவு. மரம் கிடையாது, காக்கா கிடையாது. பேசினால் வார்த்தை உதட்டிலேயே உறைந்துவிடும், அடுப்பில் காட்டித்தான் கேட்க வேண்டும் என்பார்கள். அந்தத் தீவின் ஆஸ்பத்திரியில் வேலை. மூன்று வருஷம் ஆகிவிட்டது.

முப்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் இருபத்தெட்டு வருஷம் அவர் கடலில், அவள் கரையில். அவர் கரையேறிய வருஷம் அவள் கிளம்பினாள். இவ்வளவு நாள் நீங்கள் பார்த்த உலகத்தை நானும் கொஞ்சம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். போகாதே என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. இருபத்தெட்டு வருஷம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவனுக்கு அதைச் சொல்ல என்ன பாத்தியதை?

அந்தத் தீவுக்குக் கேபிள் கிடையாது. பேச்சோ ஆட்டமோ, எதுவானாலும் வானத்தில் ஒரு செயற்கைக்கோள் வரை ஏறி இறங்கித்தான் போக வேண்டும். போக ஒன்றரை விநாடி, வர ஒன்றரை விநாடி. போனில் சாப்பிட்டாயா என்று இவர் கேட்பார். பதில் வரவில்லையே என்று மறுபடி கேட்பார். அதற்குள் முதல் கேள்விக்குப் பதில் வந்து இரண்டாம் கேள்வியின் மேல் விழும். இரண்டு பேரும் நிறுத்துவார்கள். நீ சொல்லு என்பார். நீங்க சொல்லுங்க என்பாள். அந்த இரண்டும் நடுவானில் முட்டிக்கொள்ளும். சாப்பிட்டாயிற்று, மழை இல்லை, வைக்கட்டுமா. அவ்வளவுதான் முப்பத்திரண்டு வருஷம்.

ஆனால் ஆட்டம் இருந்தது.

கம்பெனி செய்த 'ஏழு கோட்டை' என்ற ஆட்டத்தைத் தினமும் மாலை நாலு மணிக்கு இருவரும் கூட்டாளிகளாக ஆடினார்கள். அவளுக்கு அப்போது முற்பகல். அவள் ஆட்கள் சிவப்புத் தலைப்பாகை, ஆடு மேய்ப்பார்கள். இவர் ஆட்கள் நீலத் தலைப்பாகை, சுவர் கட்டுவார்கள். வடக்கிலிருந்து கொள்ளைக்கூட்டம் வரும். சேர்ந்து விரட்டுவார்கள். பிலோமி ஒரு சட்டம் போட்டிருந்தாள்: போனில் ஆட்டத்தைப் பேசக் கூடாது, ஆட்டத்தில் வீட்டைப் பேசக் கூடாது. கலந்தால் இரண்டும் கெட்டுவிடும்.

ஒரே குறை, ஆட்டம் நின்று நின்று போனது. இவர் ஒரு வீரனைக் கிளம்பச் சொன்னால், அவன் குளித்து, உடுத்தி, சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்புவதுபோல் இருக்கும். கிளம்பியவன் காலைத் தூக்கியபடியே நிற்பான். அப்படி நின்ற நேரத்தில் ஒருவனுக்குத் தாடி முளைத்ததை அண்ணாச்சியே பார்த்திருக்கிறார்.

அந்த மாதம் பிலோமி போனில் ஒரு சேதி சொன்னாள். ஒப்பந்தம் முடியப்போகிறது. இன்னும் மூன்று வருஷம் இருக்கிறாயா என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். பத்தாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் பாரத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

"நீங்க என்ன சொல்லுதீங்க?" என்றாள்.

வந்துவிடு என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே இருபத்தெட்டு வருஷம் குறுக்கே உட்கார்ந்திருந்தது.

"உன் இஷ்டம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் வாயால் சொல்ல முடியாததை வேறு வழியில் சொல்லலாம் என்று ஒரு யோசனை பிறந்தது. ஆட்டம் நிற்காமல் ஓடினால், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆடுவதுபோல் இருந்தால், அவளுக்கே மனசு திரும்பும். தானாகக் கிளம்பி வருவாள்.

டீச்சரிடம் போய்க் கேட்டார்.

"டீச்சர், ஆட்டம் ஏன் நிக்கி?"

டீச்சர் சாக்கட்டியை எடுத்தார். மாடித் தரையில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் ஒன்று வரைந்தார். கீழே இறங்கி, ஐஸ் உடைக்கிற இடத்தில் அதே மாதிரி இன்னொன்று வரைந்தார். இரண்டிலும் ஆடும் வைத்தார், புலியும் வைத்தார். மேலே அண்ணாச்சி ஆட்டுக்கு. கீழே டீச்சர் புலிக்கு. நகர்த்தியதை மாடிப்படி வழியாகக் கத்திச் சொல்ல வேண்டும். கேட்டவர் தன் கட்டத்திலும் அதே மாதிரி நகர்த்த வேண்டும். கேட்காமல் அடுத்த காயைத் தொடக் கூடாது.

ஐஸ் மெஷின் போட்ட சத்தத்தில் ஒவ்வொரு நகர்த்தலையும் நாலு தடவை கத்த வேண்டியிருந்தது. அண்ணாச்சி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஒரு மணி நேரம் கழித்துக் கீழே வந்து பார்த்தபோது, இரண்டு கட்டமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. ஒரு கல்கூடப் படி ஏறவில்லை, இறங்கவில்லை.

"நம்ம ஆட்டமும் இதான் அண்ணாச்சி. இங்கேருந்து அங்க ஊரைத் தூக்கி அனுப்பல. உங்க மெஷின்ல ஒரு ஊரு, அண்ணி மெஷின்ல ஒரு ஊரு. கை செஞ்சது மட்டுந்தான் போய் வருது."

"சரி டீச்சர். உங்க குரல் வார வரைக்கும் நான் சும்மா நிக்கேனே, அந்த நேரம் வீண்தானே?"

டீச்சர் விரல்களை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டார்.

"கையைப் பையில விட்டுக்கிடுங்க. குளிராது."

அண்ணாச்சிக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. குருவுக்குத் தெரியாத ஒரு வழி சீடனுக்குத் தெரியக்கூடாது என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? ஒரு வருஷம் கற்றுக்கொண்ட வித்தை கையில் இருந்தது. ஆட்டத்தைத் திறந்து, காத்திருக்கச் சொல்கிற வரிகளைத் தேடிப் பிடித்தார். மறுமுனையிலிருந்து சேதி வந்தால்தான் அடுத்த அடி என்று இருந்தது. அதைக் கழற்றினார். நேரத்துக்கு வராவிட்டால், அந்தப் பக்கம் ஒன்றும் செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டு மேலே போ, பிந்தி வருவதைத் தூக்கிப் போடு என்று எழுதினார். அதையே பிலோமிக்கும் அனுப்பிவைத்தார். புதுசு, இதில் ஆடிப் பார் என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு காரியமும் செய்தார். அந்த ஆட்டத்தில் ஒரு மணி உண்டு. முப்பது அடிக்கு ஒரு தடவை இரண்டு மெஷினும் தத்தம் ஊரையே கூட்டிப் பிழிந்து ஒற்றை எண்ணாக்கி, எனக்கு இது, உனக்கு என்ன என்று கேட்டுக்கொள்ளும். எண் ஒத்துப்போகாவிட்டால் மணியடித்து ஆட்டத்தை நிறுத்திவிடும். முதல் நாளே இரண்டாம் நிமிஷத்தில் மணி அடித்தது. மூன்று தடவை மறுபடி தொடங்கினார், மூன்று தடவையும் அடித்தது. சனியன் நொய் நொய் என்கிறதே என்று அதையும் இரண்டு பக்கமும் நிறுத்தினார்.

அதற்குப் பிறகு ஆட்டம் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! மௌஸைத் தொடுமுன் வீரன் ஓடினான். கோடரி ஓங்குமுன் மரம் படுத்தது. மூன்று வருஷமாகத் திக்கித் திக்கி ஓடிய ஆறு சலசலவென்று ஓடியது. அண்ணாச்சி குல்லாயைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஆடினார்.

சிவப்புத் தலைப்பாகைகள்தான் அதிகம் அசையவில்லை. ஆற்றங்கரையில் நின்ற இடத்தில் நின்றன. வானம் தெளிந்த நாளில் எப்போதாவது ஒருவன் நாலு அடி நடப்பான், நின்றுவிடுவான். வார்டில் வேலை அதிகமாக இருக்கும், பாவம், அசந்துபோய்ச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். கூட்டாளியின் ஆட்கள் சும்மா நின்றால் மற்றவர் வேலை வாங்கலாம் என்பது ஆட்டத்தின் வழக்கம். அவள் ஆடுகளை இவரே மேய்த்தார். சாயங்காலம் ஆனால் ஓட்டிக்கொண்டு வந்தார். ஆற்றங்கரையில் ஆட்டுக்குப் புதிதாக ஒரு பட்டி கட்டி அதற்குக் கூரை போட்டார், பனி விழாமல் இருக்கட்டும் என்று. அந்த ஆட்டத்தில் பனியே விழாது. இருந்தாலும் போட்டார்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பில் ஒவ்வொரு ஓலையையும் பார்த்துப் பார்த்து வைத்தார். இத்தனை வருஷத்தில் அவளுக்காக அவர் தன் கையால் கட்டிய முதல் கூரை அதுதான்.

பதினோரு நாள்.

போனிலும் ஒரு மாறுதல் இருந்தது. பிலோமி கொஞ்சம் மெதுவாகப் பேசினாள், கொஞ்சம் சீக்கிரம் வைத்தாள். மனசு திரும்புகிறபோது பேச்சு குறையத்தான் செய்யும் என்று அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

எட்டாம் தேதி, புதன்கிழமை, நாலு மணி. அண்ணாச்சியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார். காத்திருப்பே இல்லாமல் ஓடுகிறது, ஒரு திக்கல் இல்லை, ஒரு விக்கல் இல்லை, ஒன்றரை விநாடியைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்றார்.

டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம் பார்த்தார். அவருக்கு வந்த டீ குச்சி செருகுகிற பதத்துக்கு உறைந்துபோனது.

"அண்ணியோட ஆளு எது?"

"செவப்புத் தலப்பா."

"இப்ப யாரு மேய்க்கா?"

"நான்தான். அவ பாத்துக்கிட்டிருக்கா."

"மணி ஏன் அடிக்கல?"

அண்ணாச்சி நிறுத்தியதைச் சொன்னார். டீச்சர் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணிக்கு ஒரு போன் போடுங்க. ஆட்டுக்குப் போட்ட கூரை பிடிச்சிருக்கான்னு கேளுங்க."

போனில் ஆட்டத்தைப் பேசுகிற வழக்கம் இல்லை என்று அண்ணாச்சி தயங்கினார். டீச்சர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் போன் போட்டார்.

"பிலோமி, ஆட்டுக்குக் கூரை போட்டேன்லா. பிடிச்சிருக்கா?"

ஒன்றரை விநாடி. இன்னொரு ஒன்றரை விநாடி.

"என்ன கூரை?"

"பட்டிக்குப் போட்ட கூரை. ஆத்தங்கரையில."

"ஆத்தங்கரையில பட்டியே இல்லையே. ஆடெல்லாம் கெழக்க மேட்டுல நிக்கி, நான்தான் ஓட்டிட்டுப் போனேன். உங்க ஆளுக நீலத் தலப்பாவைக் கட்டிக்கிட்டுப் பதினோரு நாளா ஆலமரத்தடியில சும்மா நிக்காங்க."

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். அங்கே நீலத் தலைப்பாகை ஒருவன் சுறுசுறுப்பாகக் கல் சுமந்துகொண்டிருந்தான்.

"நீங்க ஆட்டத்தை விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள் பிலோமி. "சொல்ல மனசில்லாம, எனக்காகத் தொறந்து மட்டும் வச்சிருக்கீங்கன்னு. அதான் நானும் ஒண்ணும் கேக்கல. உங்க சுவரு பாதியில கெடந்துது. நான்தான் கட்டிக்கிட்டிருக்கேன். வடக்குப் பக்கம் முடிஞ்சிட்டு."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் அடுத்ததைச் சொல்லிவிட்டிருந்தாள்.

"பாரம் மேசையில இருக்கு. மூணு வருசம்னு எழுதியாச்சு. கையெழுத்துதான் பாக்கி."

பிலோமி என்றார். அவள் ஏதோ சொன்னாள். இரண்டும் முட்டிக்கொண்டன. நீ சொல்லு. நீங்க சொல்லுங்க. அங்கே வார்டில் யாரோ கூப்பிட்டார்கள். போன் நின்றது.

கீழே ஐஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கழற்றி வைத்த குல்லாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், ரெண்டு ஊருல எது நெசமான ஊரு?"

"ரெண்டும் நெசந்தான் அண்ணாச்சி. ரெண்டுலயும் ஒத்த ஆளுதான் குடியிருந்திருக்காக."

பிறகு அவர் இன்னொன்று கேட்டார். அவள் கட்டிய சுவரையும் தான் போட்ட கூரையையும் எடுத்து ஒரே ஊரில் வைத்துத் தர முடியுமா? சுவர் மட்டுமாவது வேண்டும். அவள் கையால் கட்டிய சுவரை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

டீச்சர் தலையசைத்தார். இல்லை என்கிற அசைப்பு. இரண்டையும் விட்டுவிட்டு வெறும் தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வியாழக்கிழமை முழுதும் அண்ணாச்சி நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. கழற்றிய வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினார். மணியைத் திரும்பத் தொங்கவிட்டார். நேரத்துக்கு வராவிட்டால் என்ற இடத்தில் தான் எழுதியதை அழித்துவிட்டு, வரும் வரைக்கும் நில் என்று எழுதினார். அதை அந்தத் தீவுக்கு அனுப்ப ஏழு மணி நேரம் பிடித்தது. வானத்தில் அன்றைக்கு மேகக் கூட்டம். ஒவ்வொரு எழுத்தாக மேகத்தை விலக்கிக்கொண்டு போயிற்று என்று சொல்வார்கள். நான் அதை அப்படியே நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணி. புதிய ஊர். ஓர் ஆறு, ஓர் ஆலமரம், நாலு ஆடு. சுவர் இல்லை, பட்டி இல்லை. நடந்தது இன்னதென்று அவளுக்கு எழுதி அனுப்பியிருந்தார். எழுதியதில் ஆட்டத்தைப் பற்றி எல்லாம் இருந்தது. பாரத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பிலோமியின் நேரப்படி அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் பாரத்தைக் கொடுத்துவிட வேண்டும். அவளுக்கு இப்போது பத்தரை.

இரண்டு பக்கமும் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருந்தார். டீச்சர் பின்னால் நின்றார்.

அண்ணாச்சி நீலத் தலைப்பாகை ஒருவனை ஆற்றுக்குப் போகச் சொன்னார். அவன் ஒரு காலைத் தூக்கினான். நின்றான். ஆறு நின்றது. ஆட்டின் வாயில் புல் பாதியில் நின்றது. திரையின் நடுவில் எப்போதும் வருகிற பழைய வரி வந்தது: பிலோமிக்காகக் காத்திருக்கிறது.

வரி மறைந்தது. அவன் ஓரடி வைத்தான். மறுபடி வரி.

"நிக்கி" என்றாள் பிலோமி போனில்.

"ஆமா. நிக்கி."

"இங்க உங்க பேரைப் போட்டு, சிலுவைக்காகக் காத்திருக்கிறதுன்னு வருது."

அண்ணாச்சி தன் திரையின் வரியைப் பார்த்தார். அதே நேரம் அங்கே வருகிற வரி என்னவாக இருக்கும் என்று மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

"எரிச்சலா இருக்கா?" என்றார்.

ஒன்றரை விநாடி. இன்னொரு ஒன்றரை விநாடி.

"இல்ல. வரட்டும்."

சிவப்புத் தலைப்பாகை ஒருத்தி ஆற்றங்கரைக்கு வந்துகொண்டிருந்தாள். ஓரடி, நிற்பு. ஓரடி, நிற்பு. அது அவள் நடத்துகிற நடை, இவர் நடத்தவில்லை. அந்த நாலு முழத் தூரத்தை அவள் கடந்து வர எத்தனை நிமிஷம் ஆயிற்றோ, அண்ணாச்சி கையைப் பையில் விட்டுக்கொண்டு பார்த்திருந்தார். அவர் கண்ணுக்கு எதிரே கடிகாரம் இருந்தது. பத்தேமுக்கால், பதினொன்று என்று தீவின் நேரத்தை மனசு எண்ணிக்கொண்டே போனது.

சிவப்புத் தலைப்பாகை ஆற்றின் அந்தக் கரையில் வந்து நின்றாள். இந்தக் கரையில் நீலத் தலைப்பாகை.

அண்ணாச்சி திரும்பினார்.

"டீச்சர், எவ்வளவோ வித்தை வச்சிருக்கீங்க. இந்த நிப்பைக் கொறைக்க ஒரு வழிகூடவா இல்ல?"

டீச்சர் போனைப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார். மெதுவாகப் பேசுகிறவர்தான் அவர், அன்றைக்குக் கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

"ஒரு வழி இருக்கு அண்ணாச்சி. ரெண்டு மெஷினையும் ஒரே மேசையில வைக்கணும்."

போனின் வாயைப் பொத்த அண்ணாச்சியின் கை நீண்டது. பாதியில் நின்றது. பிறகு மேசை மேல் மல்லாந்து கிடந்தது.

சொல் போய்விட்டது. கூரையைத் தாண்டி, துறைமுகத்தைத் தாண்டி, மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஏறியது இறங்க வேண்டும், இறங்கியதற்குப் பதில் ஏற வேண்டும். அந்த இடைவெளியில் இருக்கிறாயா, கேட்கிறதா, ஒன்றுமில்லை, டீச்சர் சும்மா சொல்கிறார் என்று எதையாவது போட்டு நிரப்புகிறவர்தான் சிலுவை மிக்கேல். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

காத்திருந்தார்.

இவ்வளவுதான் நடந்தது, நடந்தபடியே சொல்லிவிட்டேன். உங்களுக்குப் பிடித்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். பிலோமி தினமும் காலையில் மீன் வாங்க இந்தத் தெரு வழியாகத்தான் போகிறாள்.